வசனத்தின் ஆட்சியில் காமிரா: எல்லிஸ் ஆர். டங்கனை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழில் ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது அதை ‘யாருடைய படம்’ என்று நாம் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் நிதானித்துக் கவனிக்க வேண்டும். ‘சதி லீலாவதி’ (1936) என்றால் எம்.ஜி.ஆரின் முதல் படம். ‘அம்பிகாபதி’ (1937) பாகவதர் படம். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் இளங்கோவன் வசனம் எழுதிய படம் என்பார்கள். ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) இரண்டும் எம்.எஸ். படங்கள். ‘பொன்முடி’ (1950) பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’. ‘மந்திரி குமாரி’ (1950) கலைஞர் படம், சந்தேகமே இல்லை. இந்த ஆறு படங்களுக்கும் பொதுவான பெயர் ஒன்று உண்டு. ஒரே ஆள் இயக்கியவை அவை (கடைசிப் படத்தில் இன்னொருவர் பெயரும் சேர்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்). அந்த ஆளின் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்கிற சிற்றூரில் பிறந்தவர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். உடன் படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட்டதால் 1935-இல் இந்தியா வந்து, 1950 வரை இங்கேயே இருந்து, அத்தனை ஆண்டுகளிலும் தமிழ் கற்றுக்கொள்ளாமலே தமிழ்ப் படங்களை எடுத்தவர். 2001-இல் இறந்தார்.

‘ஆசிரியனின் மரணம்’ பற்றி ரொலான் பார்த் 1967-இல் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் மாய்ந்து மாய்ந்து பேசியிருக்கின்றன. இலக்கியத்தில் அது சரியாகவே இருக்கட்டும். தமிழ் சினிமாவிலோ வேறு கதை. இங்கு இயக்குநர் என்கிற ஆசிரியர் செத்துப்போவதற்கு முதலில் பிறந்திருக்க வேண்டுமே! படத்தின் ஆசிரியத்துவம் நடிகருக்கு, பாடகருக்கு, முதலாளிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வசனகர்த்தாவுக்கு என்று பங்கு போடப்பட்ட பிறகு மிச்சம் விழுந்ததுதான் இயக்குநருக்கு. ‘பராசக்தி’யை (1952) இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு, ‘மனோகரா’வை (1954) இயக்கியவர் எல்.வி. பிரசாத் என்பதை வினாடி வினாவில்தானே கேட்கிறோம்? டங்கன் விஷயம் இந்த நிலைமையின் உச்சம். வசனமே ஆட்சி செய்யப்போகிற ஒரு சினிமாவின் தொடக்க கட்டத்தை, அந்த வசனத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியாத ஒருவர் இயக்கியிருக்கிறார். இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதுதான் இதுவரை நடந்திருக்கிறது. எனக்கு இது துணுக்காகப் படவில்லை. நம் சினிமாவில் கண்ணும் காதும் எப்படி இரண்டு வெவ்வேறு துறைகளாகப் பிரிந்தன என்பதற்கான திறவுகோல் இதில் இருப்பதாக நினைக்கிறேன்.

2

இதைப் புரிந்துகொள்ள ஜப்பானுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. தொடக்ககால ஜப்பானிய சினிமாவிலும் இயக்குநரைவிட அதிகாரம் படைத்த ஒரு சொல்லாளி இருந்தான். அவன் பெயர் பென்ஷி. மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதை சொல்வான். எல்லாப் பாத்திரங்களுக்கும் அவனே குரல் கொடுப்பான், அழுவான், சிரிப்பான், நடுவில் தன் கருத்தையும் சொல்வான். சுவரொட்டியில் அவன் பெயர் நடிகர் பெயருக்கு இணையாக வரும். டொகுகவா முசெய் போன்ற பென்ஷிகளைக் கேட்பதற்கென்றே கூட்டம் போனது. இதற்கான வேர் அவர்களுடைய பொம்மலாட்டத்திலேயே (புன்ராகு) இருக்கிறது. பொம்மை நடுவில் ஆடும். குரல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து வரும். உடலையும் குரலையும் இப்படிப் பிரித்து வைத்ததைத்தான் பார்த் தன் ‘குறிகளின் பேரரசு’ (1970) நூலில் வியந்து எழுதினார். நோயல் பர்ச் 1979-இல் எழுதிய ஜப்பானிய சினிமா பற்றிய நூலில் பென்ஷியை இதே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கதை சொல்லும் பாரத்தை பென்ஷி சுமந்துகொண்டதால், பிம்பம் கதையிலிருந்து விடுதலையாகி வேறு வேலைகள் செய்ய முடிந்தது என்பது பர்ச்சின் வாதம்.

நம் ஊரிலும் இந்த ஆள் இருந்தான். மௌனப் படங்களின் எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்காகத் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னவன். ஆர். நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப் படம் ‘கீசக வதம்’. அந்தக் கதை தொண்டைமண்டலத்துக் கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆடிய கதைதான். கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலையைக் கொட்டகையில் இந்த விளக்கக்காரன் செய்தான் என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

பிறகு பேசும் படம் வந்தது. ஹெய்னோசுகே கோஷோ எடுத்த ஜப்பானின் முதல் வெற்றிகரமான பேசும் படம் 1931. நம் ‘காளிதாஸ்’ அதே 1931, அக்டோபர் 31. அந்தப் படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார்! ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாட்டுக் கதையும் வேறு வேறு பாதையில் போனது. ஜப்பானில் பென்ஷிகள் லேசில் விட்டுக் கொடுக்கவில்லை, வேலைநிறுத்தம் செய்தார்கள். அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். வேலை போய், 1933-இல் தற்கொலை செய்துகொண்டார். ஓசு 1936 வரை மௌனப் படமே எடுத்துக்கொண்டிருந்தார். இந்த நீண்ட இழுபறியின் முடிவில் பென்ஷி ஒழிந்தான். அவன் விட்டுப்போன இடத்தில் இயக்குநர் ஏறி உட்கார்ந்தார். ஓசு, மிசோகுச்சி, நருசே என்று இன்றைக்கு நாம் மந்திரம்போல் உச்சரிக்கும் பெயர்கள் அந்த இடத்தில்தான் விளைந்தன.

தமிழில் என்ன நடந்தது? விளக்கக்காரனின் வேலையும்தான் போயிற்று. அவனுக்காக யாரும் வேலைநிறுத்தம் செய்ததாகப் பேச்சில்லை. ஆனால் அவன் சாகவில்லை என்பது என் கருத்து. சில ஆண்டுகள் தலைமறைவாக இருந்துவிட்டு, திரைக்குப் பக்கத்திலிருந்த தன் பழைய இடத்தை விட்டுத் திரைக்குள்ளேயே புகுந்து, நடிகனின் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டான். ‘கதை–வசனம்’ என்ற பட்டத்தோடு திரும்பி வந்த நம்மூர் பென்ஷிதான் வசனகர்த்தா. ஜப்பானில் பென்ஷியின் சமாதியில் இயக்குநர் முளைத்தார். இங்கே இயக்குநர் முளைக்க வேண்டிய இடத்தில் பென்ஷி மறுபிறவி எடுத்தான்.

3

1936-ஐ ஒரு குறுக்குவெட்டாக எடுத்துக்கொள்வோம். மிசோகுச்சி அந்த ஆண்டு ‘ஒசாகா சோககீதம்’, ‘கியோனின் சகோதரிகள்’ என்று இரண்டு படம் எடுக்கிறார். ஓசு தன் முதல் பேசும் படமான ‘ஒரே மகன்’ எடுக்கிறார். கிராமத்துப் பட்டு ஆலையில் உழைத்துத் தேய்ந்து மகனைப் படிக்கவைத்த தாய், தோக்கியோ வந்து பார்த்தால் மகன் ராப்பள்ளியில் வாத்தியார். குப்பை எரிக்கும் ஆலையின் புகைபோக்கிகள் தெரியும் புறநகரில் குடியிருக்கிறான். அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஒரு ஜெர்மன் பேசும் படத்துக்குக் கூட்டிப் போகிறான். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறாள். ஓசுவின் முதல் பேசும் படத்துக்குள் ஒரு பேசும் படம் ஓடுகிறது; மொழி புரியாத கிழவி தூங்குகிறாள். பேச்சின் வருகையை இதைவிட அமைதியாகக் கிண்டல் செய்ய முடியாது.

அதே ஆண்டு டங்கன் ‘சதி லீலாவதி’யை எடுக்கிறார். மொழி புரியாதவர் தூங்கவில்லை. ‘ஸ்டார்ட்’, ‘கட்’ சொல்லிக்கொண்டிருக்கிறார். வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் இருக்கும். உச்சரிப்பு சரியா, சொல் தவறியதா என்று பார்க்க உள்ளூர் உதவியாளர்கள். அவருக்கு மிஞ்சியது முகம், உடல், வெளிச்சம், அசைவு. அதாவது காது வேலை முழுவதும் மற்றவர்களிடம் போய்விட்டதால், அவர் முழுக்க முழுக்கக் கண்ணாக இருக்க வேண்டியதாயிற்று. தியோடர் பாஸ்கரன், ராண்டார் கை போன்ற சினிமா வரலாற்றாளர்கள் டங்கனின் கணக்கில் எழுதும் விஷயங்கள் எல்லாம் இந்த நிர்ப்பந்தத்திலிருந்து வந்தவை. நாடக மேடைக்கு முன்னால் நட்டுவைத்த கம்பம்போல் நின்ற காமிராவை நகர்த்தியது, நாடக ஒப்பனையைக் குறைத்தது, காதலர்களைத் தொடுமளவு நெருங்க வைத்தது எல்லாம் அதில் சேரும். ‘பொன்முடி’யில் அந்த நெருக்கத்துக்காகத் தமிழ் நாகரிகத்தின் காவலர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

‘மீரா’ இதற்கு நல்ல உதாரணம். வசனம் கல்கி, பாட்டு எம்.எஸ். இரண்டுமே டங்கனின் காதுக்கு எட்டாத சங்கதிகள். அவர் என்ன செய்தார்? எம்.எஸ்ஸின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யச் சொல்லி, ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியோடு சேர்ந்து அந்தச் சிலைமேல் எந்தக் கோணத்தில் வெளிச்சம் விழுந்தால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்தார். இந்தச் செய்தியைப் பலரும் ‘எவ்வளவு சிரத்தை!’ என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. சிலை பாடாது, பேசாது. தமிழ்நாடு முழுக்கக் குரலாக மட்டுமே வணங்கிய ஒரு பெண்ணிடமிருந்து குரலைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் முகமாக அவர் பார்த்தார். இன்று ‘மீரா’வைப் பார்க்கும்போது, பாட்டு நின்ற பிறகும் முகத்தின்மேல் ஒளி தங்கியிருக்கிறது. சிறுமி மீரா ஒரு பாட்டுக்குள்ளேயே வளர்ந்து எம்.எஸ். ஆகிவிடும் இடத்திலும் அதே தர்க்கம்தான். காலம் கடந்ததைச் சொல்ல அங்கே வசனம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘வெள்ளைக்காரன் வந்து நமக்கு சினிமா கற்றுக்கொடுத்தான்’ என்ற கதையை நான் சொல்லவில்லை. அந்தக் கதை காலனியத்தின் பிரியமான கதை. டங்கனுக்கு முன்பே ராஜா சாண்டோ இருந்தார். டங்கன் காலத்திலேயே ‘பாலயோகினி’ (1937), ‘சேவாசதனம்’ (1938), ‘தியாகபூமி’ (1939) எடுத்த கே. சுப்ரமண்யம் இருந்தார். அவருக்குத் தமிழ் சமூகத்தின் சாதிப் புண் எங்கிருக்கிறது என்று டங்கனைவிட ஆயிரம் மடங்கு தெரியும். அதேபோல் ‘மண்ணின் கலை, அந்நியன் கெடுத்தான்’ என்ற எதிர்க்கதையும் செல்லாது. ‘சதி லீலாவதி’ எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. ‘பதி பக்தி’ நாடகத்தோடு கதை ஒத்துப்போகிறது என்று வழக்கானபோது, இரண்டுமே ஹென்றி வுட் அம்மையாரின் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற ஆங்கில மதுவிலக்கு நாவலில் போய் முட்டின. ‘அம்பிகாபதி’யில் கம்பர் மகனின் காதலுக்குள் ரோமியோ–ஜூலியட் உட்கார்ந்திருக்கிறது. தூய்மை தேடுபவர்களுக்கு இந்தச் சந்தையில் சரக்கு கிடைக்காது. என் அக்கறை டங்கனின் தேசம் பற்றியதல்ல. மொழி தெரியாமை என்ற ஊனம் ஒரு பாணியாக மாறியது எப்படி, அந்தப் பாணி நம் நினைவிலிருந்து காணாமல் போனது எப்படி என்பதே கேள்வி.

4

இந்தக் கேள்வியோடு நான் திரிந்துகொண்டிருந்தபோது எங்கள் விம்கோ நகரில் நண்பர்கள் ‘மந்திரி குமாரி’யைத் திரையிட்டார்கள். 1923-இல் சுவீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே ஊர்ப் பெயராக, ரயில்வே ஸ்டேஷன் பெயராக, இப்போது மெட்ரோ பெயராகவும் ஆகிவிட்ட இடம் இது. ஒரு சின்ன ஹால், வாடகை புரொஜெக்டர், முப்பது பேர் வந்திருந்தால் அதிகம். பாதிப்பேர் தீப்பெட்டிக் கம்பெனியிலும், 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

படம் ஓட ஓட, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நடிகர் வாயைத் திறப்பதற்கு அரை வினாடி முன்பாகவே வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கம் பக்கமாக. யாரும் அவரை அதட்டவில்லை, சிலர் சேர்ந்துகொண்டார்கள். பென்ஷியைப் பற்றிப் புத்தகத்தில் படித்த எனக்கு, பென்ஷி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இடைவேளையில் டங்கன் பெயரை எடுத்தேன். பெரியவர் சிரித்தார். “தம்பி, இது கலைஞர் படம். டைரக்டரா? அந்தக் காலத்துல டைரக்டர யாரு பாத்தா? மாடர்ன் தியேட்டர்ஸ் படம், கலைஞர் வசனம், எம்ஜியாரு. அவ்ளோதான் கணக்கு.” நான் விடவில்லை; வசனத்தை இப்படிக் கட்டிக்கொண்டு அழுததால்தானே நம் சினிமா வளரவில்லை என்கிற மாதிரி ஏதோ கேட்டேன். அவர் முகம் மாறியது. “நாங்கள்லாம் எழுதப் படிக்கத் தெரியாம கம்பெனிக்கு வந்தவங்க. கேட் மீட்டிங்ல மைக்கு முன்னால நின்னு ஆபீசர எதுத்துப் பேசணும்னா வாயில எந்தத் தமிழு வரும்? வூட்ல பேசுற தமிழு அங்க செல்லாதே. இந்தத் தமிழுதான் தம்பி வந்துது.”

இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். திராவிட இயக்கத்து வசனத்தைச் ‘செயற்கை’, ‘மேடைத்தனம்’, ‘சினிமாவின் மொழி அல்ல’ என்று நம் ஃபிலிம் சொசைட்டி விமர்சனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அந்த விமர்சனம் எழுத்தறிவைப் பிறவிச் சொத்தாகப் பெற்றவர்களின் காதிலிருந்து வந்தது. ஓசுவின் மௌனத்தில் மெய்சிலிர்ப்பவர்களுக்கு, பேசுவதற்கு ஒரு மொழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பேச்சு மறுக்கப்பட்டவனிடம் போய் மௌனத்தின் அழகைப் பற்றி வகுப்பெடுப்பது ஆபாசம்.

ஆனால் அன்று அதோடு முடியவில்லை. படத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மலை உச்சிக் காட்சி வந்தது. ராஜகுருவின் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ. நடராஜன்) தன் மனைவி அமுதவல்லியை (மாதுரி தேவி) மலைக்கு அழைத்துப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் பாட்டு இனிமையாக அழைக்கிறது. அவளைக் கீழே தள்ளுவதற்குத்தான் போகிறான் என்பது நமக்குத் தெரியும். உச்சியில் அவன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறான். அவள் கடைசியாக ஒன்று கேட்கிறாள். கணவனை மூன்று முறை வலம்வந்து கும்பிட்டுவிட்டுச் சாகிறேன் என்று. சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் அவனைத் தள்ளிவிடுகிறாள். அந்த நேரத்தில் பெரியவர் வாய் ஓய்ந்திருந்தது. அங்கே அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பின்வரிசையில் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்த்த ஒரு அம்மா இருந்தார். பேச்சு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “வசனம்லாம் எனுக்கு நெனப்பு இல்ல சார். சின்ன வயசுல பாத்தது. ஆனா அவ சுத்துறா பாரு, அத்த மறக்கல. வெரல்ல எண்ணிக்கினே இருந்தேன். ரெண்டு சுத்து ஆனதும் வவுத்துல புளியக் கரைச்சுது. மூணாவது சுத்துல அவ காலு எங்க வெக்கிறான்னுதான் பாத்தேன்.”

ஒரு திரையிடலை வைத்துக் கோட்பாடு கட்டக் கூடாது. ஆனாலும் இந்த இரண்டு நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணின் நினைவு வாயில் இருக்கிறது. மேடை, மைக், கேட் மீட்டிங் என்று அதற்குப் பொதுவெளியில் போக்கிடம் உண்டு. பெண்ணின் நினைவு விரலில் இருக்கிறது, வயிற்றில் இருக்கிறது, கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது. வசனம் ஆணைப் பேச வைத்தது. பெண்ணுக்கு அந்த மைக் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படாததால் அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். தமிழ் சினிமாவின் பிம்ப வரலாற்றை எழுத வேண்டும் என்றால், வசனத்தை ஒப்பிக்காதவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

5

மலைக் காட்சியை ‘டங்கனின் காட்சி’ என்று நான் சொன்னால் உடனே மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். 1950-இல் டங்கன் அமெரிக்கா திரும்பிவிட்டார். மிச்சப் படத்தை முடித்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம். படத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. கதையோ கருணாநிதி நாடகமாக எழுதியது, அதற்கும் மூலம் குண்டலகேசி. ஃபூக்கோ 1969-இல் ‘ஆசிரியன் என்பது என்ன’ என்று கேட்டபோது, அது ஒரு மனிதனின் பெயரைவிட ஒரு செயல்பாட்டின் பெயர் என்றார். ‘டங்கன்’ என்பதை நானும் அப்படித்தான் பயன்படுத்துகிறேன். சொல்லை நம்பி இருக்க முடியாததால் பார்வையையும் கால அளவையும் நம்பி ஒரு காட்சியைக் கட்டும் வேலைமுறைக்கு அது பெயர். வசனம் முடிந்தபின் அந்த மூன்று சுற்றுகளுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பது எழுத்தில் தீராத முடிவு. அதைக் காமிரா பக்கம் நிற்பவர்தான் எடுத்தாக வேண்டும்.

குண்டலகேசி என்றதும் தமிழ் படித்தவனுக்கு வேறொரு நினைவு வருகிறது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அந்த பௌத்த நூல் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. கள்வனான கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டுத் துறவியான பெண்ணின் கதை நமக்கு எப்படித் தெரியும்? குண்டலகேசியை மறுப்பதற்காகவே எழுந்த சமண நூல் நீலகேசி. அதற்கு சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையில்தான் அந்தக் கதை சொல்லப்பட்டிருக்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு பதிப்பித்ததும், விந்தையாக, அதே 1936-இல்தான். தோற்கடிக்க வந்தவனின் பக்கங்களில்தான் அந்தப் பெண் உயிர் பிழைத்திருந்தாள்.

டங்கன் பிழைத்திருப்பதும் இப்படித்தான். ‘சதி லீலாவதி’யின் பிரதி எதுவும் மிஞ்சியதாகத் தெரியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கதாநாயகன் கூலியாக உழைப்பதை 1936-இலேயே காட்டிய படம் அது. இன்றைக்கு அது எம்.ஜி.ஆர். வாழ்க்கை வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் ஒரு வரியாக உயிர்வாழ்கிறது. மற்ற படங்கள் பாகவதர், எம்.எஸ்., கலைஞர் ஆகியோரின் பெருங்கதைகளுக்குள் அடிக்குறிப்பாக இருக்கின்றன. கரண் பாலி 2013-இல் டங்கனைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். தமிழ் விமர்சனம் அதையும் ‘சுவையான தகவல்’ என்ற தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டது.

6

அப்படியானால் டங்கனின் மரபு என்று ஏதாவது உண்டா? பாணியை யாராவது வாரிசாக வாங்கிக்கொண்டார்களா? நேரடியாக இல்லை என்றே சொல்ல வேண்டும். ஜப்பானில் உதவி இயக்குநராகப் பல வருஷம் இருந்து குருவிடமிருந்து சீடனுக்குத் தொழில் கைமாறும் ஸ்டுடியோ ஏற்பாடு இருந்தது. டங்கனுக்கு அப்படி ஒரு பள்ளி உருவாகவில்லை. அவர் விட்டுச்சென்றது ஒரு வேலைப் பிரிவினை. சொல் ஒருவர் பொறுப்பு, படம் இன்னொருவர் பொறுப்பு என்கிற ஏற்பாடு. தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் தயாராவதுபோல. டங்கனுக்கு அது நிர்ப்பந்தம். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது வசதி. தமிழ் நன்றாகத் தெரிந்த இயக்குநர்களும் டங்கனைப்போல வசனத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நின்றார்கள். ஆனால் டங்கனைப்போலக் கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்ளவில்லை. ஊனம் போனது, அதற்குப் பதிலாகக் கிடைத்த திறமும் கூடவே போய்விட்டது.

இந்தப் பிரிவினையை உள்ளிருந்து உடைத்தவர் ஒரு வசனகர்த்தா என்பதுதான் இந்த வரலாற்றின் நகைமுரண். ‘தங்கப்பதக்கம்’ (1974) போன்ற படங்களின் வசனங்களால் பெயர் பெற்ற மகேந்திரன், ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979) என்று இயக்க வந்தபோது முதலில் வெட்டியது வசனத்தை. சொல்லின் பலம் தெரிந்தவருக்குத்தான் அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. டங்கன் காது இல்லாமல் பார்த்தார். மகேந்திரன் காதை வைத்துக்கொண்டே பார்த்தார். இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் பிம்பத்தை யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்?

என் பதில், பார்வையாளர்கள். அதிலும் விமர்சனம் கணக்கில் எடுக்காத பார்வையாளர்கள். ஆகவே இங்கு எனக்கு இரண்டு பக்கமும் சண்டை இருக்கிறது. வசனம்தான் தமிழ் சினிமா என்று சாதிக்கும் அரசியல் வரலாற்றாளர்களிடம் சொல்ல வேண்டியது: உங்கள் வசனம் ஓய்ந்த இடத்திலும் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பார்வைக்கும் அரசியல் உண்டு. கணவனை வலம்வருதல் என்ற பதிவிரதைச் சடங்கு மூன்றாவது சுற்றில் ஆயுதமாக மாறுவதை ஒரு பெண் விரல்விட்டு எண்ணியிருக்கிறாள் என்றால், அது எந்த மேடைப் பேச்சுக்கும் குறைந்த அரசியல் அல்ல. வசனம் ஒழிந்தால்தான் சினிமா பிறக்கும் என்று சொல்லும் அழகியல்வாதிகளிடம் சொல்ல வேண்டியது: ஓசுவுக்கு வாய்த்த மௌனம் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. பென்ஷியை ஜப்பான் கொன்றது. நாம் கொல்லவில்லை. கொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் கேட் மீட்டிங்கில் மைக் முன்னால் நின்ற ஆளின் தொண்டையில் இருந்தது.

டங்கனை மறுபடி பார்ப்பது என்றால் அவருக்குச் சிலை வைப்பதோ, ‘மந்திரி குமாரி’யைக் கலைஞரிடமிருந்து பிடுங்கி அவர் கையில் கொடுப்பதோ அல்ல. கையில் மிஞ்சியிருக்கும் படங்களை, ஒலியைக் குறைத்து ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் முறையில் டங்கன் பார்த்த படம் தெரியும். இரண்டாவது முறையில் தமிழ்நாடு கேட்ட படம் தெரியும். இவை இரண்டும் ஒன்றையொன்று எங்கே மறுக்கின்றன, எங்கே ஒன்றுக்கொன்று தோள்கொடுக்கின்றன என்று எழுதும் விமர்சனம் தமிழில் இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்கு ‘மந்திரி குமாரி’யின் மலை உச்சியே போதும். முதல் முறை பார்க்கும்போது அவள் காலைப் பாருங்கள்.